விழ வேண்டியவன்

இன்று விழ வேண்டியவன் கஸ்பார். அது கஸ்பாருக்குத் தெரியும், பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போனபின் செருப்பில் கால் நுழைத்தபோது பெருவிரலில் ஏதோ இடித்தது, எடுத்துப் பார்த்தால் கறுப்புக் கோட்டுப் பித்தான். அன்றைக்கு விழுந்தவர் அண்ணாச்சி. விழுந்தவர்தான் அடுத்த வாரத்து ஆளின் செருப்பில் பித்தானைப் போட வேண்டும், போட்டதையும் சொல்லக் கூடாது, கிடைத்ததையும் சொல்லக் கூடாது. அடுத்த படம் ஓடும்போது, இருட்டில், யாரும் நினைக்காத நேரத்தில் பித்தான்காரன் விழ வேண்டும். நாற்காலியோடு சரியலாம், வழுக்கலாம், தன் காலே தன் காலைத் தட்டிவிட்டுக் குப்புறப் போகலாம், அது அவரவர் சாமர்த்தியம். பேசாத படக் காலத்துல நம்மளச் சிரிக்க வைக்க விழுந்து விழுந்து எலும்ப ஒடிச்சுக்கிட்டவனுக்கு நாம வேற என்னவே செய்ய முடியும், மாலையா போட முடியும், நாமளும் ஒரு தடவ விழுவோம், என்று இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்ததும் அண்ணாச்சிதான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷன், ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் பத்து வயசுப் பையன் மாதிரி உப்பளத் தொழிலாளர் சங்கத்து மாடியில் நடக்கிற பழைய பேசாப் படக் கூட்டத்துக்கு வந்து விழுவார். கஸ்பாருக்கு அது வரவில்லை. வாரம் முழுக்க அறையில் பாயை விரித்து, கதவைத் தாழ் போட்டு, விழுந்து பார்த்தான். ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை, பகலில்தான் தூக்கம், அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு விழுந்து பார்த்தான். உடம்பு சம்மதிக்கவில்லை. முட்டி மடங்குகிறது, கை முன்னால் போகிறது, கடைசியில் பார்த்தால் விழவில்லை, உட்கார்ந்திருக்கிறான். நாற்பது தாண்டிய உடம்பு தன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது. இப்போது இரண்டாவது வரிசையில், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து வெயிலை வெளியே நிறுத்திய இந்த இருட்டில், சட்டைப்பையில் பித்தானும் கழுத்தில் வேர்வையுமாக, இந்தக் காட்சி முடியட்டும், இந்தக் காட்சி முடியட்டும் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். திரையில் முகத்தில் வெள்ளை பூசி, கண்ணுக்கு மை தீட்டிய ஒல்லியன் ஒருவன் நீள ஏணியைத் தோளில் வைத்துத் திரும்புகிறான், பின்னால் நின்ற போலீஸ்காரன் விழுகிறான், என்ன சத்தம் என்று மறுபடி திரும்புகிறான், எழுந்த போலீஸ்காரன் மறுபடி விழுகிறான். இவன் ஏணி இன்னொரு சுற்று வரட்டும், அப்புறம் விழுந்துவிடலாம் என்று கஸ்பார் நாற்காலிக் கையைப் பிடித்தபோதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது அப்பாடா. வேறெதுவும் இல்லை, அப்பாடா. நெஞ்சுக்குள் கட்டியிருந்த முடிச்சை யாரோ உருவிவிட்டது போல, தண்ணீர் குடித்தது போல. யாரோ விழுந்துவிட்டார்கள், இனி நான் விழ வேண்டாம். ஹாலில் சிரிப்பு வெடித்தது. படத்துக்குப் பாட்டு, வாத்தியம் எதுவும் வைக்க மாட்டார்கள், இருக்கிற சத்தத்தையும் அணைத்துவிடுவார்கள், நம்ம சிரிப்புதான் இதுக்குப் பின்னணி இசை என்பது டெல்பின் டீச்சர் கொள்கை. ஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர், படத்தில் நடுநடுவே வருகிற எழுத்தைத் தமிழில் படித்துச் சொல்கிறவர், சிரிக்க ஆரம்பித்தால் விக்கல் வந்துதான் நிற்கும். அவர்தான் முதலில், "எய்யா, அண்ணாச்சி போயிட்டாரு!" என்று கைதட்டினார். கஸ்பார் திரும்பிப் பார்த்தான். பின்வரிசையில், கதவோரம், அண்ணாச்சி எப்போதும் உட்காருகிற சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. நடைபாதையில் ஒரு கை மட்டும் நீண்டு கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்து. அப்பாடா இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை, அதற்குள் அதன் காலைக் கடித்துக்கொண்டு இன்னொன்று ஏறியது. இன்றைக்குப் பித்தான் என்னிடம் அல்லவா இருக்கிறது. என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியுமே. போட்டவரே அவர்தானே. பிறகு ஏன் அவர் விழுந்தார்? கஸ்பார் முன்னால் திரும்பிக்கொண்டான். ஏன் திரும்பினோம் என்று தெரியவில்லை, எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், அவனும் பார்த்தான். எனக்காக விழுந்தாரோ. அப்படியும் செய்யக்கூடியவர்தான். பித்தானைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார், பாவம் கஸ்பாரு பயந்து சாவான், அவனுக்கு வேண்டாம், நானே விழுந்துருதேன். அல்லது அடுத்தவன் விழுகையைத் திருடுகிற ஆசை. போன மழைக்காலத்தில் பித்தான் இல்லாமலே ஒரு தரம் விழுந்து, அமானுல்லாவோடு பெரிய சண்டையாகி, "நீரு விழுந்தா நான் எப்ப விழ?" என்று அவன் கோபித்து இரண்டு வாரம் வராமல் இருந்தானே. அமானுல்லா செல்போன் பழுது பார்க்கிறவன், புரொஜெக்டர் அவனுடையது. அதோ மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனும்தான் சிரிக்கிறான். எல்லோரும் சிரிக்கும்போது ஒரு விஷயம் எப்படி நிஜமாக முடியும்.

கை முதலில் அடித்ததா, இல்லையா. அதுதான் விஷயம். அண்ணாச்சியே சொல்லிக்கொடுத்த வித்தை, விழும்போது உடம்பு தரையைத் தொடுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும், சத்தமெல்லாம் கையிலிருந்து வர வேண்டும், உடம்பு அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மெதுவாக இறங்க வேண்டும். பட், பிறகு தொம். அந்தப் படத்துக்காரனுவ எல்லாம் அப்படித்தான் செஞ்சிருப்பான் பாத்துக்க, நமக்குச் சத்தம் கேக்காது, ஆனா கையைப் பாரு. பட், தொம். இன்றைக்குக் கேட்டது என்ன? கஸ்பார் காதுக்குள் அந்தச் சத்தத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். தொம். மறுபடி போட்டுப் பார்த்தான். பட் தொம் என்று கேட்டது. ஆனால் அந்தப் பட் இப்போது அவன் சேர்த்ததோ என்று சந்தேகம் வந்தது, வேண்டும் என்று நினைத்தால் மனசு எதையும் ஒட்டுப்போட்டுத் தரும். விடிய விடிய கம்பிரஸர் இரைச்சலில் நிற்கிற காது, அதை எப்படி நம்புவது. ஐஸ் கம்பெனியில் சேர்மக்கனி ஒருநாள் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தான், சத்தம் ஒற்றைச் சத்தம், தொம் என்று மூட்டை போட்டது மாதிரி, செத்தே போனான் என்றுதான் கஸ்பார் நினைத்தான். சேர்மக்கனி என்ன செய்தான், எழுந்து கைலியை உதறிக் கட்டிக்கொண்டு பலகையின் அம்மாவை வைது, டீ குடிக்கப் போய்விட்டான். ஆகவே ஒற்றைச் சத்தம் என்றாலும் ஒன்றுமில்லை. ஆகவே அண்ணாச்சிக்கு ஒன்றுமில்லை. ஆனால் இன்னொன்றும் சொல்வாரே. விழுறது பெரிசில்லவே, எவனும் விழுவான், விழுந்த பெறவு முதல்ல தொப்பியத் தேடணும். அடிபட்ட இடத்தத் தடவுனா நீ சாதாரண மனுஷன், தொப்பியத் தேடுனா நீ கலைஞன். அண்ணாச்சிக்குத் தொப்பி கிடையாது, இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் விழுந்த மறுநிமிஷம் அந்தக் கை இல்லாத தொப்பியைத் தேடித் தரையில் நடந்துபோகும், விரல்களால், நண்டு போல, அப்போதுதான் டீச்சருக்கு விக்கல் வரும். கஸ்பார் திரும்பிப் பார்த்தான். கை அங்கேயே இருந்தது. விரல்கள் அசைந்தன. இல்லை. திரை வெளிச்சம் விட்டு விட்டு விழுகிறது, அந்த வெளிச்சத்தில் நாற்காலிக் கால்கள்கூடத்தான் அசைகின்றன, சுவர்கூடத்தான். அசைகிறது என்று நினைத்துப் பார்த்தால் அசைகிறது. கிடக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் கிடக்கிறது.

போய்ப் பார்த்துவிட்டால் என்ன. எழுந்து நாலு எட்டு வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் போய்ப் பார்க்கக் கூடாது, அதுதான் இந்தக் கூட்டத்தின் ஒரே சட்டம். விழுந்தவனை யாரும் தூக்கக் கூடாது, அடிபட்டுட்டா என்று கேட்கக் கூடாது, கேட்டால் விழுந்தவனின் விழுகை செத்துவிடும். அவன் தானாக எழுந்து, இல்லாத தூசியைத் தட்டி, நாற்காலியில் உட்காரும்வரை சிரிக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை இதுவரை மீறிய ஒரே ஆள் கஸ்பார். அமானுல்லா விழுந்த அன்று, முகம் தரையில் பட்டு, அசையாமல் கிடக்க, கஸ்பார் தண்ணீர் பாட்டிலோடு ஓடினான், தலையை மடியில் தூக்கி வைத்தான், எம்மா எம்மா என்று அழுதும்விட்டான், கண்ணீர் அமானுல்லா மூக்கில் சொட்டியது. அமானுல்லா ஒரு கண்ணைத் திறந்து, "யாருக்குவே எழவு?" என்றான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எந்தப் படத்துக்கும் யாரும் சிரிக்காதது. அன்றிலிருந்து அவன் பெயர் ஆம்புலன்ஸ். ஏ ஆம்புலன்ஸ், டீ குடிக்கியா. ஆம்புலன்ஸ் வந்துட்டு, இனிமே தைரியமாச் சாவலாம். அதில் விஷம் இல்லை, தெரியும், அவர்கள் அவனுக்கு இருக்கிற ஒரே மனிதர்கள். ராத்திரி முழுக்க ஐஸ் பாளத்தோடு நின்று, போனில் சின்னத் திரையில் அந்தப் பழைய ஆட்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவனை, இரைச்சலில் எதுவும் கேட்காத இடத்தில் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத படம் என்று அதைப் பிடித்துக்கொண்டவனை, வாவே, எங்ககூட உக்காந்து பாரு, பெரிசாப் பாரு என்று இந்த மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். அதனால்தான் அந்தச் சிரிப்பு வலித்தது. இன்னொரு தரம் அது வேண்டாம். இன்னொரு தரம் எல்லோரும் விக்கி விக்கிச் சிரிக்க, கீழே கிடப்பவர் ஒரு கண்ணைத் திறந்து பார்க்க, வேண்டாம். திரையில் ஒல்லியன் ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறுகிறான், அவன் ஏற ஏற ஏணி கீழே வழுக்குகிறது, அவன் ஏறிக்கொண்டே அதே இடத்தில் இருக்கிறான். அவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள். ஏணிக்காரன், போலீஸ்காரன், குடைபிடித்த அம்மாள், ஓரமாக ஓடுகிற அந்த நாய்கூட. நூறு வருஷத்துக்கு முன்னால் எழுந்து தூசி தட்டியவர்கள் ஏதோ ஒருநாள் விழுந்து எழுந்திருக்கவில்லை, அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சிரித்திருக்கவும் கூடும். பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்.

படிக்கட்டு. கஸ்பாருக்குப் படிக்கட்டு ஞாபகம் வந்தது, ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை என்றும் தோன்றியது. வரும்போது அண்ணாச்சி முன்னால் ஏறினார். பாதியில், திருப்பத்தில், சுவரில் கையை ஊன்றி நின்றார். முகம் எண்ணெய் தேய்த்தது போல மினுங்கியது. இடது தோளைத் தடவினார், பிறகு தாடையை. "என்ன அண்ணாச்சி?" என்றான். "ஒண்ணுமில்ல வே, வாயு. மத்தியானம் சாளை மீன் ரெண்டு கூடப் போயிட்டு." "உக்காருங்க சித்த." "படம் போட்டுருவான், நட." அவ்வளவுதான். தாடையை ஏன் தடவினார். வாயு தாடைக்கா போகும். யாரோ எங்கேயோ சொன்னார்களே, தோள், கை, தாடை என்று. யார் சொன்னது, ஐஸ் கம்பெனி மேஸ்திரியா, டிவியிலா. சட்டையை மாற்றியது போல அந்த நினைப்பை எவ்வளவு சுலபமாகக் கழற்றிப் போட்டிருந்தான். ஏன் என்றும் தெரிந்தது. படியில் அவர் நிற்கும்போது இவன் நினைத்தது அவரைப் பற்றி இல்லை, இன்றைக்கு எப்படி விழப்போகிறேன் என்று. இப்போது அவர் எழுந்திருக்காமல் இருக்க, இவன் நினைப்பது இன்றைக்கு நான் விழ வேண்டாம் என்று. அவர் விழுந்தது விளையாட்டாக இருக்கட்டும் என்று இவன் வேண்டுவது அவருக்காகவா, இல்லை அந்த அப்பாடா பறிபோய்விடக் கூடாது என்பதற்காகவா. சிரிப்பு ஓய்ந்து திரைக்குப் போயிருந்தது. டீச்சர் எழுத்தைப் படித்தார், "போலீஸ்காரர் கேட்கிறார், இந்த ஏணி யாருடையது?" கஸ்பார் எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. வாரம் முழுக்க விழமாட்டேன் என்ற அதே உடம்பு இப்போது எழமாட்டேன் என்றது. இதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஏணி இரண்டு சுற்று வந்த நேரமா, ஒரு படமே முடிகிற நேரமா. அண்ணாச்சி இவ்வளவு நேரம் கிடக்க மாட்டார். கிடப்பார், கிடந்து ஏமாற்றுவார். மாட்டார், அவருக்குப் பொறுமை கிடையாது, சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்துவிட வேண்டும், ஆறிப்போன சிரிப்பு ஆறிப்போன டீ என்பவர். சிரிப்பு ஆறிவிட்டது. ஆறிவிட்டதே. பின்னால் ஒரு மூச்சுக்கூட இல்லையே.

எழுந்ததுதான் தெரியும். நடுவில் புரொஜெக்டர் வெளிச்சம் இருப்பது மறந்தே போயிற்று. அவன் நிழல் திரையில் ஏறி ஏணிக்காரனையும் போலீஸ்காரனையும் மறைத்து ராட்சசன் போலக் கையை விரித்தது, ஹால் மறுபடி சிரித்தது, "உக்காருவே!" என்று யாரோ கத்தினார்கள், அவன் கால் வயரில் மாட்டியது, வயர் இழுபட்டது, திரை அணைந்தது, கஸ்பார் விழுந்தான். நாற்காலிகள் இரண்டு மேலே விழ, முட்டி தரையில் இடிக்க, கை எதையும் அறையாமல், வெறுமனே விழுந்தான். இருட்டில் சிரிப்பு கூரையைத் தூக்கியது. "ஜோடி போட்டு விழுதானுவ!" என்று அமானுல்லா கத்தினான். டீச்சருக்கு விக்கல் வந்துவிட்டது. கஸ்பார் எழவில்லை, எழ நேரமில்லை, முட்டிபோட்டே நகர்ந்தான், தரையில் கையால் துழாவினான். அந்தக் கை கிடைத்தது. நனைந்திருந்தது. ஐஸ் பாளத்தைத் தொட்டுப் பழகிய விரலுக்கே அந்தக் குளிர் பிடிக்கவில்லை. "அண்ணாச்சி." உலுக்கினான். "லைட்டப் போடுங்க!" அவன் குரல் அவனுக்கே பிடிபடாமல் கீச்சென்று வந்தது. "ஆம்புலன்ஸ் வந்துட்டுடோய்!" சிரிப்பு. "லைட்டப் போடுலே அமானு! அவருக்கு என்னமோ ஆயிட்டுலே!" சிரிப்பு. "பித்தான் எங்கிட்டல்லா இருக்கு! இன்னைக்கு விழ வேண்டியவன் நான்லா!" அப்போதுதான் ஒவ்வொரு சிரிப்பாக அணைந்தது. டீச்சரின் விக்கல் மட்டும் நிற்கத் தெரியாமல் இருட்டில் இன்னும் இரண்டு தரம் வந்தது. யாரோ ஜன்னல் துணியைப் பிடுங்கினார்கள், வெயில் உள்ளே கொட்டியது. அண்ணாச்சி மல்லாந்து கிடந்தார், சட்டை உடம்போடு ஒட்டி, உதடு சாம்பல் பூத்து. ஆனால் கண் திறந்திருந்தது. இவ்வளவு நேரமும் திறந்துதான் இருந்திருக்கிறது. கஸ்பாரைப் பார்த்தார். உதடு அசைந்தது, காதைக் கொண்டுபோய் வைத்தான்.

"கெடுத்துட்டியேவே," என்றார், காற்று மாதிரி. "நல்லாச் சிரிச்சுட்டு இருந்தாங்கள்ளா."

பிறகு நடந்ததெல்லாம் படத்தை வேகமாகச் சுற்றியது போல. சிவப்பு நாற்காலியில் அவரை ஏற்றி நாலு பேர் தூக்கியது, குறுகிய படிக்கட்டில் நாற்காலி திரும்பாமல் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தது, "சாய்க்காத, சாய்க்காத" என்று டீச்சர் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்வாக்கில் இறங்கியது, தெருவில் டீக்கடையில் நின்ற ஒருவர் வெயிலில் நாற்காலியோடு ஆளைத் தூக்கி வருவதைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆட்டோவில் அண்ணாச்சியின் தலை கஸ்பார் தோளில். முன்னால் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு அமானுல்லா, ஓயாமல் பேசுகிறான், "அண்ணாச்சி, பெரியாஸ்பத்திரிதான், இந்தா வந்துட்டு, கேக்கா, அண்ணாச்சி, இனிமே நீரே விழும், வாராவாரம் நீரே விழும், நான் கேக்கமாட்டேன்." மூச்சு இருக்கிறதா என்று கஸ்பார் பார்த்தான், ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் எது மூச்சு எது ரோடு என்று தெரியவில்லை. மார்பு ஏறியது, அது பள்ளம். உதடு துடித்தது, அது என்ஜின். கண் மூடிவிட்டிருந்தது. கையைப் பிடித்தான், நாடி கிடைத்தது, அது தன்னுடைய நாடியோ என்று விட்டான், மறுபடி பிடித்தான். படக்கூட்டத்துக்கு முன்னால் இவரை எனக்குத் தெரியாது, பேசியதெல்லாம் விழுகிறவர்களைப் பற்றித்தான், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும், நாளைக்கே கேட்க வேண்டும். நாளைக்கு. எதிரே மீன் லாரி ஒன்று வர, டிரைவர் ஒடித்துத் திருப்பினான், எல்லோரும் ஒரு பக்கம் சரிந்தார்கள். அப்போது தன் காலுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்ததைக் கஸ்பார் கண்டான். அண்ணாச்சியின் வலது கால். செருப்பில்லாத பாதம் ஆட்டோவின் தகரத் தரையை அழுத்தியது, விரல் வெளுக்க அழுத்தி, லாரி போனதும் தளர்ந்தது. குலுக்கல் இல்லை அது. கற்றுக்கொள்ள வருகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மறக்கிற பிரேக்கையெல்லாம் தான் போட்டுப் போட்டு ஆயுசைக் கழித்த கால். கண்ணை மூடிக்கொண்டும் அது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு மாடு, கால் அழுத்தியது. மாதா கோயில் முக்கு, கால் அழுத்தியது. கஸ்பார் முகத்தைத் தூக்கவில்லை, குனிந்து அந்தப் பாதத்தை மட்டும் பார்த்தான், மூச்சு, நாடி, கடவுள் எல்லாம் இனி அதுதான் என்பது போல. ரோடு கொஞ்ச தூரத்துக்கு நேராக, காலியாக, குலுக்கல் இல்லாமல் ஓடியது. கால் சும்மா இருந்தது. சும்மாவே இருந்தது.

"வேகமாப் போவே!" என்று டிரைவரைப் பார்த்து அலறினான். "இன்னும் வேகமாப் போ!" பிறகு குனிந்து, அவர் காதில் வாயை வைத்து, கெஞ்சினான். "போடுங்க அண்ணாச்சி, பிரேக்கப் போடுங்க. ஆளு குறுக்க வாரான். போடுங்க."